ரேடியேட்டர் சரியாகச் சூடாகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்லரில் தண்ணீரைச் சூடாக்கி, பம்ப் வைத்து வீடு முழுக்கச் சுற்றவிடும் அமைப்புகளுக்கான பக்கம் இது. ரேடியேட்டரின் அடியில் இரு பக்கமும் ஒவ்வொரு வால்வு இருக்கும். ஒன்று கையால் திருகுவது. பெரும்பாலும் 1 முதல் 5 வரை எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு. இன்னொன்று பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் லாக்‌ஷீல்டு வால்வு. அந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் போகலாம் என்று ஒருமுறை அளந்து வைத்துவிட்டு, பிறகு தொடாமல் விடவேண்டியது அது. மேல் மூலையில் சதுர முனை வைத்த சின்னத் திருகு ஒன்று உண்டு. காற்றை வெளியே விட அதுதான் வழி.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஸ்பேனரை எடுக்கும் முன் கையை வைத்துப் பாருங்கள். எல்லாத் தெர்மோஸ்டாட் வால்வுகளையும் முழுவதும் திறந்து, பாய்லரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேல், கீழ், இரு ஓரம், அடியிலுள்ள இரண்டு குழாய் என்று தொட்டுப் பாருங்கள். உலோகம் 70, 80 டிகிரி வரை போகும் என்பதால் புறங்கையால் ஒரு நொடி தொட்டால் போதும்.

மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று இருக்கிறது. மேல் பக்கமும் ஓரங்களும் சுட்டு, கீழ்ப் பக்கம் நடுவில் மட்டும் குளிர்ந்திருந்தால் சேறு படிந்திருக்கிறது. ஒரு குழாய் கொதித்து மற்றது சில்லென்று இருந்தால் அந்த ரேடியேட்டரின் வால்வில் ஏதோ அடைத்திருக்கிறது. இரண்டு குழாயுமே குளிர்ந்திருந்தால் தண்ணீர் அங்கே வந்து சேரவே இல்லை. வீட்டிலுள்ள எல்லா ரேடியேட்டரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் கோளாறு ரேடியேட்டரில் இல்லை. பம்ப், பாய்லர், பிரஷர் பக்கம் போக வேண்டும்.

மேல் பாதி குளிர்ந்திருக்கிறது. காற்றை எப்படி எடுப்பது?

முதலில் பாய்லரை அணைத்துத் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது திருகைத் திறந்தால், சில அமைப்புகளில் காற்று வெளியே போவதற்குப் பதில் உள்ளே இழுக்கப்படும். கொதிக்கும் தண்ணீர் கையில் பீய்ச்சும் ஆபத்தும் இருக்கிறது.

திருகுக்கு அடியில் பழைய துணியைப் பிடித்துக்கொண்டு, அதற்கான சாவியைப் போட்டு இடப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருகுங்கள். 'உஸ்' என்று காற்று வரும். அது நின்று, தண்ணீர் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக வந்ததும் மூடுங்கள். திருகை முழுவதும் கழற்றிவிடாதீர்கள். தண்ணீர் பீய்ச்சும் நேரத்தில் அதைத் திரும்ப மாட்டுவது பெரும் பாடு. மூடும்போதும் முரட்டுத்தனம் வேண்டாம், பித்தளை சட்டென்று மழுங்கிவிடும்.

கீழ்த் தளத்திலிருந்து தொடங்கி மேல் தளத்தில் முடியுங்கள். எல்லாம் முடிந்ததும் பிரஷர் கேஜைப் பாருங்கள். வெளியே போன காற்றின் அளவுக்குப் பிரஷர் இறங்கியிருக்கும். 1 பாருக்கு (பிரஷரை அளக்கும் அலகு) கீழே போயிருந்தால் தண்ணீர் நிரப்பி 1 முதல் 1.5 பாருக்குள் கொண்டுவாருங்கள்.

திருகைத் திறந்தும் எதுவுமே வரவில்லையா? பெயின்ட் அடைத்திருக்கலாம், அல்லது பிரஷர் பூஜ்யமாக இருக்கலாம். பரணில் தொட்டி வைத்த பழைய அமைப்பு என்றால் அந்தத் தொட்டியை எட்டிப் பாருங்கள். மிதவை வால்வு மேலேயே ஒட்டிக்கொண்டு தொட்டி காய்ந்து கிடப்பது அடிக்கடி நடப்பதுதான். அப்படி ஆனால் மேல் தள ரேடியேட்டர்கள்தான் முதலில் காலியாகும்.

காற்றை எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி சேர்ந்துவிட்டது. ஏன்?

ஆரோக்கியமான அமைப்பில் வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் காற்று எடுக்க வேண்டி வராது. அடிக்கடி சேர்கிறது என்றால் காற்று எங்கிருந்தோ வருகிறது, அல்லது உள்ளேயே வாயு உண்டாகிறது. திருகைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தால் காரணம் கண்ணுக்குத் தெரியாமல்தான் போகும். அதற்குள் ரேடியேட்டர் உள்ளிருந்து அரித்துவிடும்.

முதல் காரணம், புதுத் தண்ணீர். எங்கேயோ ஒரு சின்னக் கசிவு. அதை ஈடுகட்ட நீங்கள் அடிக்கடி தண்ணீர் நிரப்புகிறீர்கள். குழாய்த் தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. சூடானதும் அது பிரிந்து ரேடியேட்டரின் தலையில் போய் நிற்கும். கூடவே வரும் ஆக்சிஜன் இரும்பை அரிக்கும். பிரஷர் தானாக இறங்குகிறது, காற்றும் சேர்கிறது என்றால் கசிவைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, ஹைட்ரஜன். தண்ணீரில் துருத் தடுப்பு மருந்து இல்லாதபோது இரும்பும் தண்ணீரும் வினைபுரிந்து கறுப்பு இரும்பு ஆக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகின்றன. பிரஷர் இறங்கவே இல்லை, ஆனாலும் வாயு சேர்கிறது, திருகிலிருந்து வரும் தண்ணீர் மை போலக் கறுப்பாக இருக்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள். ஹைட்ரஜன் எரியும் வாயு. திருகுக்குப் பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ கூடாது; தீக்குச்சி பற்றவைத்துச் சோதிப்பதை அறவே தவிருங்கள்.

மருந்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ரேடியேட்டர் தண்ணீரும், இன்னொன்றில் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் பிடித்து, பளபளப்பான இரும்பு ஆணி ஒன்றை ஒவ்வொன்றிலும் போட்டு மூடி வையுங்கள். நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள ஆணி துருப்பிடித்திருக்கும். ரேடியேட்டர் தண்ணீரில் உள்ளதும் அதே அளவு துருப்பிடித்திருந்தால் மருந்து தீர்ந்துவிட்டது.

மூன்றாவது, பம்ப் காற்றை இழுப்பது. பரண் தொட்டி உள்ள அமைப்புகளில், தொட்டிக்கு மேல் வளைந்து நிற்கும் வென்ட் குழாய் வழியாக இது நடக்கும். அமைப்பு முழுவதும் ஆறியிருக்கும்போது, அந்தக் குழாயின் வாய் அமிழும்படி ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைப் பம்பை ஓடவிடச் சொல்லுங்கள். டம்ளர் தண்ணீர் மேலே இழுபட்டால் காற்று உள்ளே போகும் வழி அதுதான். மாறாக வென்ட் குழாயிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டினாலும் தவறே; ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் புது ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு போகிறது. பம்பின் வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் பாய்லருக்குப் போகும் வழியில் சேறு அடைத்திருக்கலாம், அல்லது பம்ப் தவறான இடத்தில் இணைக்கப்பட்டிருக்கலாம்.

கீழ்ப் பகுதி குளிர்ந்திருக்கிறது. காற்று எடுத்தால் சரியாகுமா?

ஆகாது. கீழே படிந்திருப்பது கறுப்புச் சேறு, அதாவது ரேடியேட்டரின் இரும்பே பொடியாகி விழுந்தது. திருகிலிருந்து கொஞ்சம் கறுப்புத் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து, அடியில் காந்தத்தை நகர்த்தினால் அந்தப் பொடியும் கூடவே நகரும். தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால், புது ஆக்சிஜன் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றிரண்டு ரேடியேட்டர் மட்டும் இப்படி என்றால் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கழுவுவதே சிறந்த வழி. பாதி வீடு இப்படி என்றால் சுத்தம் செய்யும் ரசாயனத்தை ஊற்றிச் சில நாள் ஓடவிட்டு, முழுத் தண்ணீரையும் வடித்து அலச வேண்டும். அல்லது இயந்திரம் வைத்து அலசுபவரை அழைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய ரேடியேட்டரில் ஊசித் துளையைச் சேறே அடைத்துவைத்திருக்கக்கூடும். அலசிய பிறகு ஒழுகினால் அது அலசலின் குற்றமல்ல. அரிப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டிருக்கிறது.

எப்படிச் சுத்தம் செய்தாலும், பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் போடுங்கள். வருடம் ஒருமுறை அதைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பின் கனமே உள்ளே எவ்வளவு அரிப்பு நடக்கிறது என்று சொல்லிவிடும்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுவது எப்படி?

இரண்டு பேர் வேண்டும். அமைப்பு ஆறியிருக்க வேண்டும்.

1. தெர்மோஸ்டாட் வால்வைப் பனிக்குறியில் வைத்துவிட்டு மூடியதாக நினைக்காதீர்கள். அறை 6, 7 டிகிரிக்குக் குளிர்ந்தால் அது தானாகத் திறந்துகொள்ளும். ரேடியேட்டர் இல்லாத இடத்தில் திறந்தால் தரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர்தான். எண் போட்ட தலையைக் கழற்றிவிட்டு, வால்வுடன் வந்த கைமூடியைத் திருகி நடுவிலுள்ள ஊசியை முழுவதும் அழுத்தி மூடுங்கள்.

2. லாக்‌ஷீல்டு மூடியை எடுத்து, வலப்பக்கமாக எத்தனை சுற்றில் மூடுகிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே அளவு திறக்க வேண்டும்.

3. தாழ்வான தட்டை அடியில் வைத்து, வால்வின் உடலை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இணைப்பு நட்டை இன்னொன்றால் இளக்குங்கள். பிடிக்காமல் திருகினால் செம்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும். சொட்டு வந்ததும் காற்றுத் திருகைத் திறந்தால் தண்ணீர் வடியத் தொடங்கும். ரேடியேட்டரில் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் வால்வு மூடவில்லை. நட்டை உடனே இறுக்கிவிட்டு, அமைப்பு முழுவதையும் வடித்த பிறகு தொடருங்கள்.

4. தூக்கும் முன் இரண்டு துளைகளையும் துணியால் அடையுங்கள். இந்தக் கறுப்பு துணியிலோ கம்பளத்திலோ பட்டால் போகாது.

5. வெளியே வைத்து ஹோஸ் குழாயால் இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறித் தண்ணீர் பாய்ச்சுங்கள். ரப்பர் சுத்தியலால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடாதீர்கள்.

மாட்டி, காற்று எடுத்து, பிரஷரைச் சரிசெய்து, சூடாக்கியபின் இணைப்புகளைக் காய்ந்த டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுவதும் குளிர்ந்து கிடக்கிறது.

பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வால்வின் ஊசிதான், அதிலும் கோடை முழுக்க மூடிக்கிடந்தபின். தலையைத் தாங்கும் வளையத்தைத் திருகிக் கழற்றினால் நடுவில் மெல்லிய ஊசி தெரியும். தட்டையான உலோகத் துண்டால் அழுத்திப் பாருங்கள். சில மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் ஸ்பிரிங்போல எழும்ப வேண்டும். எழும்பாமல் கீழேயே நின்றால் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டு, மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்துவிட்டால் அந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும்.

ஊசி நன்றாக வேலை செய்தால் லாக்‌ஷீல்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடிக்க வந்தவர் மூடிவிட்டுப் போயிருப்பார். அதுவும் சரி என்றால், மற்ற எல்லா ரேடியேட்டரையும் மூடிவிட்டு இதை மட்டும் திறந்து ஓடவிடுங்கள். பம்பின் முழு விசையும் இங்கே வரும். காற்று அடைப்பாக இருந்தால் பெரும்பாலும் தள்ளிவிடும். 8 அல்லது 10 மி.மீ. மெல்லிய குழாய் போட்ட வீடுகளில் சேறு குழாயையே அடைத்திருக்கலாம். அது இந்த வழிக்கு மசியாது.

பாய்லருக்குப் பக்கத்து அறைகள் வேகின்றன, தூரத்து அறைகள் குளிர்கின்றன.

தண்ணீர் எதிர்ப்பு குறைந்த வழியில்தான் ஓடும். அருகிலுள்ள ரேடியேட்டர்களை நெருக்கி, தூரத்தில் உள்ளவற்றுக்கு வழிவிட வேண்டும். பம்பை வேகமாக்குவது இதற்கு மருந்தல்ல, சத்தம்தான் கூடும்.

ஆறிய அமைப்பில் எல்லா வால்வையும் முழுவதும் திறந்து, பாய்லரைப் போட்டு, எந்த ரேடியேட்டர் முதலில் சூடாகிறது என்று வரிசையாக எழுதுங்கள். மறுபடி ஆறவிட்டு, பட்டியலில் முதலில் உள்ளதன் லாக்‌ஷீல்டை மூடி, கால் சுற்று மட்டும் திறங்கள். பாய்லரை ஓடவிட்டு, அதன் இரண்டு குழாயிலும் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். பழைய பாய்லர்களில் வரும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 11 டிகிரி அளவு வித்தியாசம் வைப்பது வழக்கம். புகையின் ஈரத்தைக் குளிரவைத்து வெப்பம் எடுக்கும் கண்டென்சிங் பாய்லர்களில் 20 டிகிரி வரை போகலாம். உள்ளே 70, திரும்பும்போது 50. திரும்பும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பாய்லர் நன்றாக மிச்சம் பிடிக்கும். வித்தியாசம் அதிகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் திறங்கள், குறைவாக இருந்தால் மூடுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு பத்து நிமிடம் பொறுங்கள். கடைசி ரேடியேட்டர் பெரும்பாலும் முழுவதும் திறந்தே நிற்கும்.

ஒரு நாளில் முடிக்க நினைத்து அவசரப்பட்டால் சரியாக வராது. ஒரே குழாயில் வரிசையாகக் கோத்த பழைய அமைப்பு என்றால் கடைசி ரேடியேட்டர் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பு. அதே சமயம், மேல் தளம் மட்டும் சூடாகி, கீழ்த் தளம் முழுவதும் குளிர்ந்திருந்தால் பம்ப் நின்றிருக்கலாம். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறுவதால் அப்படித் தெரியும்.

ஹீட்டிங் அணைந்திருக்கிறது, ஆனாலும் ரேடியேட்டர் சுடுகிறது!

குளியலுக்குத் தண்ணீர் திறக்கும்போது மட்டும் சுட்டால், ஹீட்டிங்கையும் குளியல் வெந்நீரையும் ஒன்றே தரும் கலப்புப் பாய்லருக்குள் இருக்கும் திசைமாற்றி வால்வு முழுவதும் மூடவில்லை. தனி வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இதே வேலையை மோட்டார் வால்வு செய்கிறது. அது பாதியில் மாட்டிக்கொண்டிருக்கும். மேல் தள ரேடியேட்டர் மட்டும் மெல்லச் சூடானால், பம்ப் இல்லாமலே வெந்நீர் ஏறுகிறது. ஒருவழி வால்வு அதைத் தடுக்கும். குளியலறையில் துண்டு காயப்போடும் கம்பி மட்டும் எப்போதும் சுட்டால் கவலை வேண்டாம், அதை வேண்டுமென்றே வெந்நீர்ச் சுற்றில் இணைத்திருப்பார்கள்.

என்னென்ன சத்தத்துக்கு என்ன அர்த்தம்?

'டிக் டிக்' என்றால் குழாய் நீளுகிறது. 10 மீட்டர் செம்புக் குழாய் 50 டிகிரி சூடேறினால் சுமார் 8.5 மி.மீ. நீளும்; மரச் சட்டத்தில் உரசும் இடத்தில் சத்தம் வரும். அந்த இடத்தில் ஃபெல்ட் துண்டைச் செருகுங்கள், பாய்லர் வெப்பத்தையும் கொஞ்சம் குறையுங்கள். 'களகள' என்றால் காற்று.

வால்வு மூடப்போகும் நேரத்தில் 'டமடம' என்று அடித்தால், ஒருதிசைத் தெர்மோஸ்டாட் வால்வைத் தலைகீழாக இணைத்திருக்கிறார்கள். தண்ணீர் வால்வுத் தகட்டை இழுத்து இழுத்து மூடுகிறது. உடலில் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் வரும் திசையோடு ஒத்துப்பாருங்கள். இரு திசைக்கும் ஏற்ற வால்வாக மாற்றிவிட்டால் தொல்லை தீரும். பாய்லருக்குள் கெட்டில் கொதிப்பது போன்ற இரைச்சல் வந்தால் உள்ளே சுண்ணாம்போ சேறோ படிந்திருக்கிறது, ரேடியேட்டரில் தேடாதீர்கள்.

பிரஷர் ஏறி இறங்குகிறதே?

100 லிட்டர் தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 3 லிட்டர் அளவு விரியும். அதை வாங்கிக்கொள்ள ரப்பர் சவ்வும் காற்றும் உள்ள விரிவுக் கலம் இருக்கிறது. அதன் காற்று போய்விட்டால், ஆறியபோது 1 பார் காட்டும் முள் சூடானதும் 3 பாரைத் தொடும். பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டும். மறுபடி ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு வரும். கலம் பாய்லருக்கு வெளியே இருந்தால், அமைப்பின் தண்ணீர்ப் பிரஷரைப் பூஜ்யமாக்கிவிட்டு, டயர் கேஜால் காற்றை அளக்கலாம், வழக்கமாக 0.75 முதல் 1 பார், சரியான அளவு கலத்தின் மேலேயே எழுதியிருக்கும். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பால் அடிக்கலாம். காற்று வால்வை அழுத்தியதும் தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலத்தையே மாற்ற வேண்டும்.

சூடாகாமல் இருக்கும்போதே பிரஷர் மெல்ல ஏறினால், தண்ணீர் நிரப்பும் வால்வு முழுவதும் மூடவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு. முதலில் வால்வுகளின் கழுத்தைப் பாருங்கள்: தண்டைச் சுற்றிப் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் அங்கேதான் ஒழுகுகிறது. அந்தச் சின்ன நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும்.

வால்வை 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகுமா?

ஆகாது. எண் என்பது அறை எந்த அளவு சூடானதும் மூட வேண்டும் என்பதற்கு. 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. அறை சூடாகும் முன்பே ரேடியேட்டர் அணைந்துவிட்டால், வால்வின் தலை திரைச்சீலைக்குப் பின்னாலோ சோபாவுக்குப் பின்னாலோ மாட்டிக்கொண்டு அங்கே தேங்கும் வெப்பத்தை அறை வெப்பமாக எண்ணுகிறது. சுவர் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் இந்த வால்வை முழுவதும் திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

துருத் தடுப்பு மருந்து எவ்வளவு, எப்படி ஊற்றுவது?

பொதுவாக 100 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர். பாட்டிலில் எழுதியிருப்பதே முடிவு. பரண் தொட்டி இருந்தால் அதில் ஊற்றி, கீழே கொஞ்சம் தண்ணீர் வடித்தால் உள்ளே இறங்கிவிடும். மூடிய அமைப்பில் காந்த வடிகட்டியின் வழியாகவோ, ஒரு ரேடியேட்டரைப் பாதி வடித்து அதன் மேல் துளை வழியாகவோ ஊற்றலாம். தண்ணீரை வடிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு ரேடியேட்டருக்காக என்றாலும், போன அளவுக்கு மருந்தையும் சேருங்கள்.

எதை நாமே தொடக்கூடாது?

எரிவாயு அல்லது எண்ணெய்ப் பாய்லரின் மூடியைத் திறந்து செய்ய வேண்டிய எதையும். திசைமாற்றி வால்வு, உள்ளே இருக்கும் விரிவுக் கலம், சுண்ணாம்பு படிந்த வெப்பமாற்றி எல்லாம் இதில் சேரும். பல பாய்லர்களில் அந்த மூடியே எரிபுகை வெளியே வராமல் காக்கும் தடுப்பு. சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். உரிமம் பெற்ற டெக்னீஷியனிடம் விடுங்கள். அவர் வரும்போது எந்த ரேடியேட்டர் எந்த இடத்தில் குளிர்கிறது, ஆறியபோதும் சூடானபோதும் பிரஷர் எவ்வளவு, திருகிலிருந்து வந்த தண்ணீர் என்ன நிறம் என்று எழுதிக் கொடுத்தால் பாதி நேரம் மிச்சமாகும்.